கைக்கு பெர்சிஸும் பெத்தகுட்டா இறக்கமும்

போலாரத்தில் போய்ப் பெர்சிஸ் வீடு எது என்று கேட்டால், எந்தப் பெர்சிஸ் என்று திருப்பிக் கேட்பார்கள். தமிழ்ச் சபையில் மட்டும் அந்தப் பெயரில் நான்கு பேர். 'கைக்கு பெர்சிஸ்' என்று சொல்லிவிட்டால் போதும், பஸ் ஸ்டாப் பக்கத்துப் பான் கடைக்காரர்கூட வழி காட்டுவார். ஹைதராபாத்துக்காரர்கள் 'எதற்கு' என்பதைக் 'கைக்கு' என்பார்கள். அந்த ஒரு சொல்லை இந்த அம்மாள் அளவுக்கு உழைக்க வைத்தவர் இரட்டை நகரத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் லேப் அசிஸ்டன்ட் வேலை. இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு ஊசல் கட்டிக் கொடுப்பதும் லென்ஸ் துடைத்து வைப்பதும்தான் பிழைப்பு. பாடம் நடத்துவது வாத்தியார், சந்தேகம் கேட்பது பெர்சிஸ். வாத்தியார்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், சந்தேகங்கள் குறையவில்லை. கோயிலிலும் இதே கதைதான். நோவாவின் பேழையைப் பற்றிச் சபைப் போதகர் ஐயர் உருக்கமாகப் பிரசங்கம் செய்துவிட்டு வாசலில் கைகுலுக்க நிற்பார். "அத்தனை மிருகத்துக்கும் சாணி அள்ளினது யாரு ஐயர்?" என்று கேட்பாள். கேலிக்காக இல்லை. அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

அப்படிப்பட்டவளின் வீட்டுக்குள்ளேயே ஒரு கேள்வி இருபத்தோரு வருஷமாகப் பதில் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. அது அவள் புருஷன் வெஸ்லி.

வெஸ்லி ரயில்வே ஆபீஸில் ஹெட் கிளார்க். குரல் உயர்த்தத் தெரியாத மனுஷர். கோயிலில் ஆர்மோனியம் அவர்தான். அவரிடம் ஒரே ஒரு வினோதம் உண்டு. ஏற்ற இறக்கம் உள்ள பாதை வந்தால் எந்த வண்டியாக இருந்தாலும் நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்துவிடுவார். ரயிலில் போவார், பஸ்ஸில் போவார், சமதரையில் ஆட்டோவில் போவார். மலைப்பாதை என்றால் மட்டும் கால்தான்.

இது சபை முழுக்கத் தெரிந்த சங்கதி. ஏனென்றால் வருஷத்துக்கு ஒருமுறை சபையே மலை ஏறும். கீசரா தாண்டிப் பெத்தகுட்டா என்று ஒரு பாறைக் குன்று. இயேசு விண்ணுக்கு ஏறிய நாளான பரமேறுதல் திருநாளன்று காலையில் அதன் உச்சியில்தான் ஆராதனை. அந்தக் காலத்தில் கன்டோன்மென்ட்டில் வேலை பார்த்த தாத்தாக்கள் ஆரம்பித்து வைத்த வழக்கம். எல்லோரும் வேனில் ஏறுவார்கள். வெஸ்லி மட்டும் விடியும் முன்பே கிளம்பி மூன்று கிலோமீட்டர் நடந்து ஏறி, வேன் வருவதற்குள் பாறையில் உட்கார்ந்திருப்பார். திரும்பும்போதும் நடைதான். "நடந்தா உடம்புக்கு நல்லதுல்லா," என்பார் கேட்டால்.

ஊர் சொன்ன காரணம் வேறு. 1979-ல் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் விகாராபாத் பக்கம் மலைக்குப் போய்த் திரும்பும்போது சர்ச் வேன் இறக்கத்தில் கட்டுப்பாடு இழந்து பள்ளத்தில் கவிழ்ந்தது. பதினாலு பேருக்கு அடி. கோயிலில் பாட்டுப் பாடும் செலினுக்கு இடது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. டிரைவர் அய்யாக்கண்ணு டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டானாம். எட்டு மாசம் ஜெயில், லைசென்ஸ் ரத்து. அதற்குப் பிறகு அவன் கோயில் பக்கமே வரவில்லை. அந்த வேனில் வெஸ்லியும் இருந்தார். பாவம், பயந்துவிட்டார் என்று சபையார் முடித்துக்கொண்டார்கள்.

காஜிப்பேட்டையிலிருந்து எண்பத்து நாலில் வாழ்க்கைப்பட்டு வந்த பெர்சிஸுக்கு இந்தக் காரணம் ஒட்டவே இல்லை. விழுந்தது பதினாலு பேர். பதிமூன்று பேர் மறு வருஷமே பெத்தகுட்டாவுக்கு வேனில் ஏறினார்கள். ஒற்றைக் கையோடு செலின்கூடப் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறினாள். வெஸ்லிக்கு அன்று கழுத்தெலும்பு லேசாக விரிசல் விட்டதோடு சரி. இவர் ஒருவர் மட்டும் இத்தனை பயப்படுவது கைக்கு?

இந்த நிலையில்தான் அந்த மிலிட்டரி டிரக் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அது வந்ததும் ஒரு கேள்வியால்தான்.

2004-ல் அறுப்பின் பண்டிகை. சபையார் கொண்டுவந்து படைத்ததையெல்லாம் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். ஒரு பூசணிக்காய் ஐநூறு ரூபாய்க்குப் போகும். கர்த்தர் காரியம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அந்த வருஷம் ஓய்வுபெற்ற சுபேதார் யேசுதாஸ், சென்னைக்கு மகள் வீட்டோடு போகிறவர், தன் ஷாமீர்பேட் திராட்சைத் தோட்டத்தில் நின்ற பழைய த்ரீ டன் வண்டியைப் படைத்துவிட்டார். பட்டாளம் கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்தது. அறுபத்தைந்தில் செய்தது, பச்சைப் பெயிண்ட், பின்னால் பலகையும் தார்ப்பாயும். பூசணிக்கும் கோழிக்கும் பக்கத்தில் அது நின்றதைப் பார்த்து ஐயருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பழைய இரும்புக்காரர் ஒருவர் முப்பத்தைந்தாயிரம் வரை வந்து நின்றார்.

அதற்குள் பெர்சிஸ் வண்டிக்குள் எட்டிப் பார்த்திருந்தாள். வழக்கமான கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கம்பிகள். ஒரு வண்டிக்கு இத்தனை கம்பி எதற்கு? யேசுதாஸிடம் கேட்பதற்காகக் கையைத் தூக்கினாள்.

"பெர்சிஸ் அக்கா நாப்பதாயிரம்," என்றார் ஏலம் விட்ட பொருளாளர். "ஒரு தரம்."

"நக்கோ நக்கோ, வேணாம், நான் ஒண்ணு கேக்கத்தான்—"

"ரெண்டு தரம். மூணு தரம்."

கோயில் ஏலத்தில் தூக்கிய கையை இறக்குகிற வழக்கம் கிடையாது. சபை கைதட்டியது. வெஸ்லி பணத்தைக் கட்டினார். ஏறிப் பாருங்களேன் என்று அவள் கூப்பிட்டபோது மட்டும் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

வேறு யாராக இருந்தாலும் அடுத்த வாரமே இரும்புக்காரருக்குத் தள்ளிவிட்டிருப்பார்கள். பெர்சிஸுக்குக் கம்பிகளுக்குப் பதில் தெரிய வேண்டியிருந்தது. டிப்ளமோ முடித்த கையோடு கச்சிபௌலியில் சாப்ட்வேர் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்திருந்த மகள் ஷெரின், அந்த வண்டியின் கையேட்டை இன்டர்நெட்டில் எங்கோ தேடிப் பிடித்து ஆபீஸ் பிரிண்டரிலேயே அச்செடுத்துக் கொண்டுவந்தாள். "மம்மி, டூ ஹண்ட்ரட் பேஜஸ். மேனேஜர் லுக் விட்டாரு, தெரியுமா?" என்று அலுத்துக்கொண்டாள். அம்மா காதில் அது ஏறவில்லை. அன்று இரவுச் சாப்பாடு தோசைதான், அதுவும் கருகல்.

ஒரு கம்பி முன்சக்கரங்களுக்கும் எஞ்சின் பலத்தைக் கொடுக்கும். இன்னொன்று மொத்த வண்டியின் வேகத்தையும் பாதியாக்கிப் பலத்தை இரட்டிக்கும். மலையில் ஓட்டுவதற்கென்று தனி அத்தியாயமே இருந்தது. எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. அதை உச்சியில், வண்டி நிற்கும்போதே போட்டுவிடு. நடு இறக்கத்தில் மாற்றாதே. கிளட்ச் மேல் காலையே வைக்காதே. இவ்வளவுதான் சட்டம். அவளுக்கு அதைவிட அதன் காரணம் பிடித்திருந்தது. கியரில் இருக்கும்வரை எஞ்சினே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் வெறும் துணைதான். அந்தப் பழைய வண்டியில் கியர் தானாக வந்து பொருந்தாது. இறக்கத்தில் ஒருமுறை நியூட்ரலுக்கு விட்டுவிட்டால் திரும்பக் கியர் விழவே விழாது, பிறகு எல்லாம் பிரேக் தலையில்.

மாருதி ஓட்டும் லைசென்ஸ் அவளிடம் பத்து வருஷமாக இருந்தது. கனரக லைசென்ஸுக்கு உப்பலில் பழனிசாமி நடத்திய டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். சங்ககிரிக்காரர், முப்பத்தைந்து வயசு இருக்கும், பதினைந்து வருஷம் லாரி ஓட்டிவிட்டு இங்கே கடை போட்டவர். முதல் நாள் அவளைப் பார்த்து, "யாருக்குங்க சேர்க்கோணும், பையனுக்குங்களா?" என்று கேட்டார். நான்காம் நாள் அவள் கேள்விக்குப் பயந்து டீ குடிக்க ஓடினார். இரண்டாம் மாதத்தில் அவரே கேள்விகளுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்.

"பழனிசாமி, இறக்கத்துல நியூட்ரல் போடுறாங்களே, கைக்கு?"

"போடப்படாதுங்கக்கா. ஆனா போடாத டிரைவரு எங்கூர்ல ஒருத்தனில்லீங்க. டீசல் மிச்சமாகுமுங்க."

"மிச்சமானா டிரைவருக்கா லாபம்?"

"ஓனருக்குத்தானுங்க. ஆனா ஓனரு நியூட்ரல் போடுன்னு வாயில சொல்லமாட்டாருங்க. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டருன்னு மட்டுந்தான் கேப்பாரு. மிச்சத்தை நாம புரிஞ்சுக்கோணும்."

"வண்டி விழுந்தா?"

"விழுந்தா டிரைவருதானுங்க போட்டான். சொன்னவன் பேரு எங்கியும் வராதுங்க."

பழனிசாமி சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். பெர்சிஸ் உப்பலிலிருந்து போலாரம் வரை ஸ்கூட்டியில் அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். அன்று ராத்திரி வெஸ்லிக்குச் சோறு போட்டுக்கொண்டே, "சர்ச் வேன்ல டீசல் மிச்சம் பிடிச்சா அய்யாக்கண்ணுக்கு என்னத்துக்கு ஆகும்? டீசல் சபையோடதுல்லா," என்றாள்.

வெஸ்லியின் கை சோற்றிலேயே நின்றது. பிறகு அவர் எழுந்து போய்க் கை கழுவினார். தட்டில் பாதிக்கு மேல் சோறு இருந்தது.

கேள்விக்கு இத்தனை பக்கத்தில் பெர்சிஸ் ஒருநாளும் வந்ததில்லை. இன்னும் ஒரு 'கைக்கு' போட்டால் பதில் விழுந்திருக்கும். அவள் போடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பதிலைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் இரண்டு காரியங்கள் சேர்ந்து வந்தன. பெத்தகுட்டா அடிவாரத்தில் கல் குவாரி போட்டிருந்தார்கள். கச்சிபௌலியில் எழும்பிய கண்ணாடிக் கட்டடங்களுக்கு ஜல்லி கேட்டு லாரி லாரியாகப் போனதில் மலைப்பாதை குண்டும் குழியுமாகி, மழையில் பாதி அரித்தும் போயிற்று. வேன்காரர் வந்து பார்த்துவிட்டு ஐந்தாயிரம் கொடுத்தாலும் ஏற மாட்டேன் என்றார். இந்த வருஷம் ஆராதனை கோயிலிலேயே என்று கமிட்டி முடிவெடுக்கப் போனபோது, பெர்சிஸ் தன் வண்டி இருக்கிறது என்றாள்.

இரண்டாவது, வெஸ்லியின் முழங்கால் மூட்டு. ரயில்வே ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, இனி மாடிப்படிகூடப் பார்த்துப் பார்த்துத்தான் என்று சொல்லிவிட்டார்கள். மலை நடை முடிந்தது. வந்தால் வண்டியில் வர வேண்டும், இல்லாவிட்டால் முப்பது வருஷத்தில் முதல் தடவையாக வீட்டில் இருக்க வேண்டும். "செலின் ஸ்ருதி பிடிச்சுக்குவா," என்றார் வெஸ்லி. ஆர்மோனியத்தைத் துடைத்து உறை போட்டு மூலையில் வைத்தார். பெர்சிஸ் அந்த உறையையே பார்த்தாள். மனுஷர் இத்தனை வருஷம் நடந்தாவது ஏறினார். இப்போது அதுவும் போய்விட்டால் அவருக்குள் இருப்பது என்னவோ, அது அப்படியே உள்ளே கிடந்துவிடும்.

கமிட்டி வண்டியைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஆளை ஏற்றலாம் என்றது. நியாயம்தான். நாற்பது மணல் மூட்டைகளை ஏற்றி, பக்கத்தில் பழனிசாமியை உட்கார வைத்துக்கொண்டு போனாள். அடிவாரத்தில் நிறுத்தினாள். முன்சக்கரக் கம்பி, பலக் கம்பி, ஃபர்ஸ்ட் கியர் என்று மூன்றையும் போட்டுவிட்டு ஏறினாள். வண்டி உறுமியதே தவிர வேகம் என்று ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஒரு ஆடு மேய்கிறவர் அவர்களைத் தாண்டி நடந்து போனார்.

கடைசி மேட்டில், உச்சிக்கு நூறடி இருக்கும்போது, ஒரு பாறை விளிம்பில் சக்கரம் முட்டி எஞ்சின் நின்றுவிட்டது. திடீரென்று நிசப்தம். பின்னால் மூன்று டன் மணல், அதன் பின்னால் வெறும் வானம். அனிச்சையாக இடது கால் கிளட்சைத் தேடிப் போனது. பெர்சிஸ் அதைத் தரையில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அக்கா, கிளட்ச்," என்றார் பழனிசாமி.

"மிதிக்கக் கூடாது. மிதிச்சா வண்டி நம்ம கையில இல்ல."

பிரேக்கைக் கெட்டியாக மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, அதன் பிறகே கிளட்சை மிதித்து ரிவர்ஸுக்கு மாற்றினாள். கிளட்சிலிருந்து காலை முழுசாக எடுத்துவிட்டு, கியரில் இருக்கும்படியே ஸ்டார்ட்டரை அழுத்தினாள். எஞ்சின் ஒரு குலுக்கு குலுக்கிப் பிடித்துக்கொண்டது. பிரேக்கை மெதுவாக விட்டாள். வண்டி வந்த வழியே, நேராக, ஒரு மனுஷன் பின்னோக்கி நடக்கிற வேகத்தில் இறங்கியது. அந்த மேட்டின் அடிக்கு வந்ததும் பழனிசாமி இறங்கிப் போய் ஒரு புதரோரம் நின்றுவிட்டு வந்தார். "இத்தன வருசம் லாரி ஓட்டியிருக்கேனுங்க. இப்படி இறங்கறதை இன்னைக்குத்தான் பாக்கறேன்," என்றார். இரண்டாம் முறை அந்தப் பாறையை விட்டு ஓர் அடி விலகி ஓட்டினாள், உச்சி வந்துவிட்டது.

திருநாள் காலை ஆறு மணிக்கு வீட்டு வாசலில் இருபத்திரண்டு பேர். புளியோதரைத் தூக்கு, ஜமுக்காளம், பாட்டுப் புத்தகம், செலின். எல்லோரும் பலகைப் படியில் ஏறிப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள். வெஸ்லி வழியனுப்ப வாசலில் நின்றார். பெர்சிஸ் எஞ்சினை ஓடவிட்டு இறங்கி அவரிடம் வந்தாள். எத்தனையோ பேச்சு யோசித்து வைத்திருந்தாள், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"ஏறும்போதும் ஃபர்ஸ்ட் கியர், இறங்கும்போதும் ஃபர்ஸ்ட் கியர்," என்றாள். "நடுவுல யார் சொன்னாலும் மாத்த மாட்டேன்."

வெஸ்லி அவளை வெறித்துப் பார்த்தார். "யார் சொன்னாலும்," என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். போய்விட்டார் என்றே அவள் நினைத்தாள். ஆர்மோனியப் பெட்டியைச் சுமந்துகொண்டு திரும்பி வந்து, அதைச் சீட்டில் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் ஏறினார். பின்னால் யாரோ கைதட்ட, செலின் அவர்களை அதட்டி அடக்கினாள்.

ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. உச்சியில் ஆராதனை எப்போதும்போல நடந்தது. வெஸ்லி வாசித்தார். கீர்த்தனையின் நடுவில் ஓர் இடத்தில் அவர் கை நின்றது, செலின் திரும்பிப் பார்த்ததும் மறுபடி தொடர்ந்தார். கீழே குவாரியில் வெட்டிய வெள்ளைப் பள்ளமும், தூரத்தில் புகைமூட்டத்தில் நகரமும் தெரிந்தன. ஐயர் சுருக்கமாகப் பேசியது எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது.

இறக்கம். உச்சியிலேயே கம்பிகளைச் சரிபார்த்து, ஃபர்ஸ்ட் கியரில் வண்டியை விளிம்புக்குக் கொண்டுவந்தாள். மூக்கு கவிழ்ந்தது. முன்கண்ணாடியில் சாலை தெரியவில்லை, பள்ளத்தாக்குதான் தெரிந்தது. வெஸ்லி டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என் காலைப் பாருங்க," என்றாள் பெர்சிஸ். எஞ்சின் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

குனிந்து பார்த்தார். அவள் கால் இரண்டும் தரையில் சும்மா இருந்தன. கிளட்சில் இல்லை, பிரேக்கில் இல்லை. வண்டி தானாக, அடி அடியாக, இறங்கிக்கொண்டிருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெர்சிஸ்."

"ம்."

"அன்னைக்கு நியூட்ரல் போடச் சொன்னது நான்தான்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியாது, முன்னால் ஒரு கொண்டை ஊசி வளைவு. வெஸ்லி கத்திக் கத்திச் சொன்னார். குரல் உயர்த்தத் தெரியாத மனுஷர் தன் வாழ்க்கையின் ரகசியத்தை லாரி இரைச்சலுக்கு மேல் கூவிச் சொல்ல வேண்டியதாயிற்று. பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அவர்தான் அப்போது வாலிபர் சங்கச் செயலாளர். கமிட்டி கொடுத்த டீசல் திரும்பி வரப் போதாது போலிருந்தது. நடுவழியில் நின்றால் செயலாளருக்கு ஏச்சு விழும். இறக்கத்தில் நியூட்ரலில் விடுங்க அண்ணே என்றார். அய்யாக்கண்ணு மாட்டேன் என்றான். 'செக்ரட்டரி நான் சொல்லுதேன்' என்று இவர் அழுத்திச் சொன்னார். அய்யாக்கண்ணு கம்பியைத் தள்ளினான். போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர், ஏன் நியூட்ரல் போட்டாய் என்று கேட்டபோது, அய்யாக்கண்ணு ஒருமுறை வெஸ்லியைத் திரும்பிப் பார்த்தான். வெஸ்லி குனிந்துகொண்டார். அய்யாக்கண்ணு, 'தெரியாம போட்டுட்டேன் சார்' என்றான்.

"அவன் பாத்தான், பெர்சிஸ். ஒரே ஒரு தடவ. அதுக்கப்புறம் பாக்கல."

வண்டி அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது. பெர்சிஸ் நிறுத்தினாள். கோபம் வந்தது அவளுக்கு, பொய் சொல்வானேன். இருபத்தோரு வருஷம் ஒரே பாயில் படுத்தவரிடம் வரும் கோபம். எட்டு மாசம் ஜெயிலில் இருந்தவனை நினைத்து வந்த கோபம் அதைவிடப் பெரிது. அவற்றோடு கூடவே, பழைய வழக்கப்படி, ஒரு கேள்வியும் வந்தது.

"அவரு இப்ப எங்க இருக்காரு?"

"அல்வால்ல. மெயின் ரோட்டுல ஒரு அபார்ட்மென்ட்ல வாட்ச்மேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வருஷா வருஷம் போவேன். எதிர்ப்பக்கம் நின்னு பாத்துட்டு வந்துருவேன்."

பெர்சிஸ் பலக் கம்பியை எடுத்துவிட்டுக் கியரைப் போட்டாள். அவரைக் கேட்கவில்லை. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாப்ரால் வழியாக நேரே போலாரத்துக்குத் திரும்பாமல் வண்டி அல்வால் பக்கம் போனதும், பின்னால் யாரோ பலகையைத் தட்டினார்கள். அவள் நிறுத்தவில்லை.

அபார்ட்மென்ட் வாசலில் வண்டி திரும்பியபோது, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கிழவர் எழுந்து வந்தார். காக்கிச் சட்டை, மெலிந்த உடம்பு. ஆட்களைப் பார்க்கவில்லை, முன்சக்கரத்தைத்தான் பார்த்தார்.

"இன்னாம்மா, முன் ஆக்ஸிலைப் போட்டபடியே தார் ரோட்ல ஓட்டிக்கினு வர்ற. டயரு தேயுற சத்தம் கேக்கல உனக்கு?"

அவள் மறந்தேபோயிருந்தாள். முன்சக்கரக் கம்பியை எடுத்துவிட்டாள். அதற்குள் மறுபக்கக் கதவைத் திறந்து வெஸ்லி இறங்கியிருந்தார். கிழவர் நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிய அவருக்கு நேரம் ஆகவில்லை.

"அண்ணே," என்றார் வெஸ்லி. "அன்னைக்குச் சொன்னது நான். செக்ரட்டரி சொல்லுதேன்னு சொன்னது நான்தான்."

அய்யாக்கண்ணு தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கம்பியத் தள்ளினது என் கை. அதுக்கு நான் உள்ள போயிட்டு வந்துட்டேன்," என்றார். "சொன்னது நீன்னு எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரிஞ்ச கதைய எனக்கே இன்னாத்துக்குச் சொல்ற?"

தார்ப்பாயை விலக்கிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த முகங்களைக் கையால் காட்டினார்.

"தெரியாதவங்க அங்க குந்திக்கினு இருக்காங்க."

வெஸ்லி வண்டியின் பின்பக்கம் நடந்தார். பெர்சிஸ் எஞ்சினை அணைத்தாள். ஏறத்தான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டு, பலகை ஓரத்தில் உட்கார்ந்திருந்த செலின் தன் வலது கையை அவருக்கு நீட்டினாள்.

"கைய எடுத்துக்கோ செலின்," என்றார் வெஸ்லி. "கீழ நின்னே சொல்லுதேன்."